விநாடிக்குத் தொண்ணூற்றொன்பது தடவை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் சொல்லவந்த ஒரு கோள்மூட்டலில் பிறந்தது. டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் மருமகள் வான்மதி, ஒரு நாளைக்கு நாற்பது கப் காபி குடிக்கிறாள். (சரி, எட்டு. ரிட்டயரானவன் ஐந்தால் பெருக்கித்தான் எழுதுவான், நீங்கள் வகுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: ‘சோம்பேறி மருமகள் ஒருத்தி…’

அடித்துவிட்டேன். அவசர அழைப்பு வந்தால் எந்த ஆம்புலன்ஸ் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் புரோகிராம் அவள் பொறுப்பு. மூன்று விநாடியில் சொல்ல வேண்டியது இப்போது ஒன்பது எடுக்கிறது. அந்த ஆறு விநாடியில் யாருடைய மூச்சும் நின்றுபோகலாம். (இங்கே பெருக்கல் இல்லை.)

3

அந்த ஆறு விநாடியைத் திருடும் திருடனைப் பிடிக்க இரண்டு வழியாம். புரோகிராமின் ஒவ்வொரு துண்டும் ‘ஆரம்பித்தேன், முடித்தேன்’ என்று எழுதிவைப்பது ஒன்று. எதுவும் தப்பாது, ஆனால் எழுதுகிற வேலையே மெஷினை இன்னும் இழுத்தடிக்கும். ஆம்புலன்ஸ் காத்திருக்குமா? மற்றது, விநாடிக்கு நூறு தடவை சட்டென எட்டிப் பார்த்து, அந்தக் கணம் எது ஓடுகிறது என்று குறிப்பது. வெறும் எட்டிப்பார்ப்புகளிலிருந்தே முழு உருவமும் எழுந்துவிடுமாம். எனக்குப் புல்லரித்தது.

அதைத்தான் தேர்ந்தாள். இரண்டு நாளாகியும் ஆறு விநாடி சிக்கவில்லை. மெஷினைப் பார்க்கும் அனுமதியோ இன்று மாலையோடு சரி.

4

இன்று இரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தேன். அவள் கையில் காபி.

“ஏம்மா, எப்பப் பாத்தாலும் காபிதானா?”

“நீங்க எப்ப மாமா பாக்கறீங்க?”

“மணி அடிச்சா வந்துருவேன். டாண்ணு!”

“நானும் மணிக்கு ஒருக்கா டாண்ணுதான் பிரேக் எடுக்கறேன். அஞ்சே நிமிஷம். மீதி அம்பத்தஞ்சு நிமிஷ வேலை உங்க கண்ணுக்கே…”

(பாதியில் விட்டது அவள், என்மேல் பழி வேண்டாம்.)

“ஐயோ மாமா! நானும் இதேதான் பண்ணிட்டிருக்கேன்!”

மெஷினுக்குள்ளும் ஏதோ ஒரு வேலை விநாடிக்குச் சரியாக நூறு தடவை வந்து போகிறதோ? அப்படியானால் இவள் பார்வை ஒவ்வொரு முறையும் அது ஓடாத இடைவெளியில்தான் விழும். நூறை அழித்துத் தொண்ணூற்றொன்பது என்று தட்டினாள். ஒன்றே ஒன்றுதான் குறைவு. தாளம் தப்பியதும் பார்வை எல்லா மூலைக்கும் போய்விடுமாம். கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் அந்த எண்ணைப் பார்த்து நின்றேன்.

5

முடிவு அ: திருடன் பிடிபட்டான், டெக்சாஸே எழுந்து கைதட்டியது. (வகுக்கவும்.)

முடிவு ஆ: ஒன்றும் சிக்காமல் அனுமதி…

இரண்டையும் அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பார்வை. மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு எட்டிப் பார்த்தேன். மேசையில் தொடாத காபி, ஏடு படிந்து. எந்த வேலை எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும் திரையில், காலையில் இல்லாத ஒரு சிவப்புப் பட்டை அகன்றுகொண்டே போனது. வான்மதி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு பார்வையை வைத்து யாரையும் எழுதக் கூடாது என்று இப்போதுதான் கற்றேன். மீதித் தொண்ணூற்றெட்டையும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.