நூற்றுப் பதினெட்டாம் வரி

பல்லேகமவில் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைக்கிற பலாமரத்தடியில் கம்ப்யூட்டர் இல்லை. அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த தினுஷா காலை எட்டு மணியிலிருந்து இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். நான் மாத்தளை அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போனில் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது கிராமங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கிற சின்னத் திட்டம். எந்த வால்வு எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே ஒரு ஃபைலில் இருக்கிறது. நேற்றுக் காலை கரண்ட் போய் வந்தது. தினுஷா கம்ப்யூட்டரைத் திரும்ப ஓன் பண்ணினாள். அதோடு சரி, ஒரு வால்வும் திறக்கவில்லை. ஃபைலில் பிழை என்று மட்டும் காட்டுகிறதாம். எந்த வரியில் என்று சொன்னால் என்ன குறைந்தா போய்விடும்?

மேலதிகாரி இராசலிங்கம் பக்கத்து மேசையில் அறிக்கை அடித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அவசரக்காரர். “அந்தப் பிள்ளை எதையோ கிண்டிப் போட்டுது. மூண்டு மணிக்குள்ள அறிக்கை போகவேணும்,” என்றார். தினுஷாவின் ஆறு மாதத் தகுதிகாண் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. அந்த அறிக்கை போனால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டரில் மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, அதில் ஃபைலைத் திருத்த விம் என்கிற எடிட்டர், அவ்வளவுதான். பழகியவனுக்கு அது சொர்க்கம். பழகாதவளுக்குப் போனில் சொல்லிக்கொடுப்பது இருக்கிறதே, என் எதிரிக்கும் வேண்டாம் அந்த வேலை.

முதலில் எஸ்கேப்பை அமுக்கு, இல்லாவிட்டால் அடிக்கிற கட்டளை எழுத்தாக ஃபைலுக்குள் விழும் என்று பத்துத் தடவை சொன்னேன். ஓடுவாள், அமுக்குவாள், திரும்பி வருவதற்குள் அடுத்தது மறந்துவிடும். வரி எண் தெரிய ஒரு கட்டளை சொன்னேன். எஸ்கேப்பை மறந்து அடித்திருக்கிறாள், கட்டளை முழுக்க ஃபைலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. u அடி, செய்தது அழியும் என்றேன். u-வும் எழுத்தாக உள்ளே விழுந்தது. கடைசியில் எஸ்கேப், :q!, சேமிக்காமல் வெளியே வா, மறுபடி முதலிலிருந்து. எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். திட்டுவதற்கு அந்த மொழியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா வந்தாய் என்றுகூடக் கேட்டேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, அடுத்தது என்ன சார் என்றாள்.

இரண்டு மணிக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. சாதாரண ஆங்கில எழுத்து, எண், குறி தவிர வேறு ஏதாவது ஃபைலுக்குள் ஒளிந்திருந்தால் தேடிப் பிடிக்க ஒரு கட்டளை உண்டு. /[^ -~] என்று அடிக்க வேண்டும். ஒவ்வொரு குறியாகச் சொன்னேன், அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினாள்.

இந்தத் தடவை திரும்பி வர நேரமெடுத்தது.

“நூற்றுப் பதினெட்டாம் வரி, சார். ஏழு மணி என்பதற்குப் பின்னால் இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் எழுத்து.”

பல்லேகமவில் தமிழில் அடிக்கிறவர் யாரும் இல்லை. போன வியாழக்கிழமை நானேதான் அங்கே போயிருந்தேன். ஊருக்கு அனுப்பும் தமிழ்க் குறுஞ்செய்தியை அந்தக் கம்ப்யூட்டரிலேயே திருத்தினேன், அதே கையோடு இந்த ஃபைலில் ஏழு மணி வால்வையும் மாற்றினேன். கீபோர்ட் தமிழிலேயே இருந்திருக்கிறது. எஸ்கேப்பை அமுக்காமல், சேமித்து வெளியேறும் கட்டளையை அடித்திருக்கிறேன். அது தமிழெழுத்தாக வரிக்குள் விழுந்ததைக் கவனிக்காமல், கீபோர்டை மாற்றி, எஸ்கேப்பை அமுக்கித் திரும்ப அடித்துச் சேமித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டேன். கரண்ட் போய் வரும்வரை கம்ப்யூட்டர் அந்த ஃபைலைத் திரும்ப வாசிக்கவே இல்லை. பாவம், அதை வாசிக்க வைத்தது மட்டும்தான் அவள் செய்த குற்றம்.

“அழித்துவிட்டேன் சார். சேமித்தும் ஆயிற்று, வால்வு திறந்துவிட்டது,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எழுத்து இருந்ததை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்,” என்றாள்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

“என்னவாம் திவாகரன்? அந்தப் பிள்ளையில பிழைதானே?” இராசலிங்கம் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய் சொல்வானேன், அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“இல்லைங்க சார். நான் செஞ்ச தப்பு. போன வியாழக்கிழமை. என் பேரைப் போடுங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவளுடைய பெயரை அழித்துவிட்டு என் பெயரை அடித்தார். இனிமேல் பல்லேகமவில் எது பழுதானாலும் நீர்தான் பஸ் ஏற வேண்டும் என்றார். சரி என்றேன்.

போன் இன்னும் காதிலேயே இருந்தது. அவளுக்குத் தமிழ் விளங்காது. நடந்ததைச் சிங்களத்தில் சொன்னேன், மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன்.

“அப்படியென்றால் திங்கட்கிழமையும் நான் வேலைக்கு வரலாமா, சார்?” என்று கேட்டாள்.

வா என்றேன், இனி அங்கே எது பழுதானாலும் பஸ் ஏறப் போவது நான்தான் என்றும் சொன்னேன்.