நிறுவனத்துக்கே சொந்தமான குரல்

பல்கலைக்கழகமும் பெயிண்ட் தொழிற்சாலையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மறுநாள் காலை, வேதியியல் பேராசிரியையின் குரல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டது. வகுப்பில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பேசியதெல்லாம் ஊரின் மறுகோடியில், மேலாளரின் நாற்காலிக்கு மேலே தெளிவாகக் கேட்டது. ஆய்வில் கிடைப்பதும் ஆய்வாளர் சொல்வதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தம் சொன்னதால், குறை சொல்ல வழியில்லை. கரும்பலகைதான் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லிவிட்டு, துணைவேந்தர் புது ஆய்வகத்துக்கு ரிப்பன் வெட்டப் போனார். மேலாளருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. டீயைக் குடித்துக்கொண்டே ஆய்வு முடிவுகளைக் கேட்டார்.

வந்த முடிவு அவருக்கு ருசிக்கவில்லை. பெயிண்டில் கலக்கும் மலிவான கரைப்பான் விரல் நரம்புகளைக் கெடுக்கிறது என்றது குரல். இதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவர் சொல்லி அனுப்ப, துணைவேந்தரும் தலையாட்டினார். ஆனால் பேராசிரியையின் தம்பி அந்தத் தொழிற்சாலையில்தான் டிரம்மில் பெயிண்ட் கலக்குகிறான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவனின் கையிலிருந்து தம்ளர் நழுவியது. "விரல் இருக்கறதே தெரியலக்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் பேராசிரியையால் தாங்க முடியவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். கரைப்பானின் பெயர், அது செய்யும் கேடு, பதிலுக்கு எதைக் கலக்கலாம் என்பதெல்லாம், தம்பிக்குப் புரிகிற பேச்சில், திரும்பத் திரும்ப. மேலாளர் ஜன்னலைச் சாத்தினார், அப்படியும் வெளியே கேட்டது; அறையையே மாற்றினார். நாற்காலி போன இடமெல்லாம் குரலும் போனது. முதலில் லாரி ஓட்டுநர்கள் கேட்டார்கள். பிறகு கலவைக் கூடமே ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. கரைப்பானை மாற்றும்வரை டிரம்மைத் தொட மாட்டோம் என்றார்கள், தொடவும் இல்லை.

கரைப்பான் மாறியது. மேலாளர் பேராசிரியையிடம் ஓடிவந்து, "உங்க குரலை நீங்களே வச்சுக்குங்க மேடம், ஒப்பந்தத்தைக் கிழிச்சுடலாம்" என்று கெஞ்சினார். பேராசிரியை வாயைத் திறந்து பதில் சொன்னார். எதிரே நின்ற மேலாளருக்குக் கேட்கவில்லை, தொழிற்சாலையில் ஆளில்லாத நாற்காலிக்கு மேலே கேட்டது: "முடியாது சார். அடுத்து எதைக் கொண்டுவந்து கலப்பீங்களோ, யாருக்குத் தெரியும்?" கலவைக் கூடம் விசிலடித்தது.

அதன்பின் எத்தனையோ மேலாளர்கள் வந்து போனார்கள். புதிதாக வருகிறவரிடம் அறைச் சாவியைக் கொடுக்கும்போதே, மேடம் பத்து மணிக்குப் பேசுவாங்க என்று சொல்லிவிடுகிறார்கள். தம்பிக்கு இரண்டு விரல்கள் தேறவே இல்லை. மற்றவற்றுக்கு உணர்வு வந்துவிட்டது. மதியம் மணியடித்ததும் மேலாளர் அறையிலிருந்து "சாப்டியாடா?" என்று கேட்கும். "சாப்டோம்க்கா!" என்று கூடமே பதில் சொல்லும். அக்காவுக்கு அது கேட்காது என்று எல்லோருக்கும் தெரியும்; இருந்தாலும் சத்தமாகத்தான் சொல்வார்கள்.