தலைகீழ் இறக்கை

ரிஜெக்ட் சார் என்றால் அந்தத் தொழிற்சாலையில் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். இயந்திர உதிரிபாகங்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். துளி பிசிறு இருந்தாலும் போதும், சிவப்பு முத்திரையைக் குத்திவிட்டு அடுத்ததைக் கையில் எடுப்பார். அந்தப் பெயரை வைத்தவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவரோ அதைச் சட்டையில் குத்திக்கொள்ளாத குறையாகப் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தார்.

முத்திரையை மாலையில் தொழிற்சாலையிலேயே வைத்துவிட்டு வந்தால் என்ன? வரமாட்டார். மனைவி மடித்து வைத்த போர்வையை உதறிப் பிரித்து மறுபடி மடிப்பார். சின்ன வயதில் மகள் யானை வரைந்துகொண்டு வந்து காட்டினால், "நல்லா இருக்கு" என்று வாய் சொல்லும்போதே கை ரப்பரைத் தேடும். மகள் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன புதிதில் அவள் வீட்டைப் பார்க்கப் போனார். மருமகன் தானே ஆணியடித்து ஒரு புத்தக அலமாரி மாட்டியிருந்தான். சம்பந்தி வீட்டார் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, இந்த மனுஷன் பையிலிருந்து சாய்வு பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து அலமாரி மேல் வைத்துப் பார்த்தார். குமிழி ஓரமாக ஒதுங்கியது. "பாத்தீங்களா, சாய்வா இருக்கு" என்றார். அதோடு சரி. மகள் சண்டை போடவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அம்மாவுக்கு மட்டும் போன் வரும். பேத்தி பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததெல்லாம் அவருக்கு மனைவியின் கைபேசி வழியாகத்தான் தெரியவந்தது.

அவரிடம் ஒரு பித்து உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். விண்வெளிக் கப்பல்கள். உள்ளங்கையில் அடங்குகிற, உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் வார்த்த கப்பல்கள். துண்டு துண்டாக டப்பாவில் வரும். வார்ப்புக் கோட்டைப் பிளேடால் சீவி, பசை வைத்து ஒட்டி, சாம்பல் நிற அடிப்பூச்சு அடித்து, அதன் மேல் வர்ணம் தீட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் அவரைப் போன்ற நாலைந்து பெரிய மனிதர்கள் கறுப்புத் துணி விரித்த மேசையைச் சுற்றி நின்று, இந்தக் கப்பல்களை இரண்டு படைகளாக நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் புரிவார்கள். தோற்றால் அவருக்குக் கவலையில்லை. எதிராளியின் கப்பலில் வர்ணம் வழிந்திருப்பது கண்ணில் பட்டால் போதும், ஜெயித்தவர் மாதிரி வீட்டுக்கு வருவார். இதையெல்லாம் 'பொம்மை' என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் ஒரு வாய் காபி குடிக்க முடியாது. 'மாடல்' என்றுதான் சொல்ல வேண்டும்.

மகள் இருந்த அறை இப்போது கப்பல்களுக்கு. முன்பு கூடத்தில் நின்ற இரும்பு அலமாரி இப்போது அங்கே சுவரோரம், அதில் இழுக்கிற தட்டுகள், தட்டுக்குத் தட்டு தடிமனான ஸ்பாஞ்சு. ஒவ்வொரு கப்பலின் உருவத்துக்கும் ஏற்றபடி ஸ்பாஞ்சைப் பிளேடால் வெட்டிக் குழி செய்திருந்தார். இறக்கை முனைகூட எதிலும் உரசாது. "எனக்கு இப்படி ஒரு மெத்தை போட்டுக் குடுத்திருந்தா முதுகு வலியே வந்திருக்காது" என்று மனைவி சொல்வாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்.

அந்த அலமாரியின் அடித்தட்டில், கடைசிக் குழியில் கிடந்தது ஊதாக் கப்பல். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தது. உலோகக் கப்பல். அதற்கு அம்மாவின் நெயில் பாலிஷை எடுத்துப் பூசியிருந்தாள், ஊதாவில் மினுமினுப்புத் தூள் கலந்தது. பூசினாள் என்பதைவிட ஊற்றினாள் என்பது சரி. ஜன்னல்கள் எல்லாம் அடைந்துபோய், வயிற்றுப் பக்கம் ஒரு குட்டி விரல் பதிந்து அப்படியே காய்ந்திருந்தது. இடது இறக்கை தலைகீழாக ஒட்டியிருந்தது. அதை அவர் கிளப்புக்கு எடுத்துப் போனதில்லை, யாருக்கும் காட்டியதில்லை. தூக்கியும் போடவில்லை. ஏன் என்று கேட்டால், என்றாவது சரிசெய்யலாம் என்று வைத்திருப்பதாகச் சொல்வார். அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மனைவிக்கு வந்த போனில் மகள், "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். மனைவி போனை நீட்டிய விதத்தைப் பார்த்து அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அப்பா, அந்த ஊதாக் கப்பல் இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. இருக்கு, இருக்கு. அடித்தட்டுல."

"குட்டிக்கு அதப் பாக்கணுமாம். வர்ற வாரம் கூட்டிட்டு வரேன். அத நாங்க எடுத்துட்டுப் போலாமாப்பா?"

"அது உன்னோடதுதானே. இதுக்கெல்லாமா கேக்கறது?"

போனை வைத்த பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. மனைவி அதைக் கவனிக்காதது மாதிரி இருந்துவிட்டு, பிறகு சொன்னாள்.

"அவளா வாய் திறந்து கேட்டிருக்கா. அத அப்படியே எடுத்து அவ கைல குடுங்க. புண்ணியமாப் போகும்."

"நான் என்ன பண்ணப் போறேன்?"

"அதான் எனக்கும் பயம்."

அன்று மாலையே அதை எடுத்து மேசை விளக்கின் கீழ் வைத்தார். அப்படியே கொடுக்கத்தான் எடுத்தார், அதில் பொய் இல்லை. ஆனால் விளக்கு வெளிச்சம் பொல்லாதது. பூச்சு திட்டுத்திட்டாக இருந்தது. ஸ்பாஞ்சுத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பசை பிதுங்கியிருந்தது. அந்த இறக்கை வேறு. இவ்வளவு வருஷம் கழித்து மகள் தேடி வருகிறாள், பேத்தி முதல்முறையாகத் தாத்தா கையிலிருந்து ஒன்றை வாங்கப் போகிறாள், இந்த லட்சணத்திலா கொடுப்பது? அவருக்கு மனசு பொங்கியது. பாசம்தான், வேறு எதுவும் இல்லை. பாசம் வந்தால் அவருக்குக் கை பரபரக்கும்.

கண்ணாடி ஜாடியில் அசிட்டோனை ஊற்றி, கப்பலை உள்ளே இறக்கினார். நெயில் பாலிஷ் கரைந்து நூல் நூலாக மேலே வந்தது. பழைய பசையும் விட்டுக்கொடுக்க, இறக்கைகள் தாமாகவே கழன்று அடியில் விழுந்தன. மிச்சத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். வயிற்றுப் பக்கம் அந்த விரல் தடம் வந்தபோது பிரஷ் கொஞ்சம் நின்றது. அங்கேதான் பூச்சு தடிப்பு என்று கண்டுகொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

நெடி அடித்து மனைவி வாசற்படிக்கு வந்தாள். ஜாடியைப் பார்த்தாள்.

"ஐயோ, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க!"

"அவசரப்படாத. முடிச்சதும் பாத்துட்டுப் பேசு."

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் வாழ்நாளில் அதுபோல ஒன்றைத் தீட்டியதில்லை. ஊதாவை விடவில்லை, மகளுக்குப் பிடித்த நிறமாயிற்றே. அடியில் கருத்த ஊதா, மேலே போகப் போக வெளுத்த ஊதா. தகட்டு இடுக்குகளில் மை ஓடவிட்டு, விளிம்புகளில் ஈரமில்லாத பிரஷ்ஷால் லேசாக வெளிச்சம் தட்டினார். ஜன்னல் ஜன்னலாக மஞ்சள் புள்ளி வைத்தார். என்ஜின் வாய்களில் நீல ஒளி. இரண்டு இறக்கைகளும் இம்மி பிசகாமல் நேராக. நிற்பதற்குக் காந்தம் வைத்த பீடம். கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்துக் காயவைத்தபோது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டார். மகள் முகம் எப்படி மலரும் என்று நினைக்க நினைக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் பேத்தியோடு மட்டும் வந்தாள். "அவருக்கு லீவு கிடைக்கலம்மா" என்றாள். அது லீவு இல்லை, ரசமட்டம் என்று மூன்று பேருக்கும் தெரியும். "இளைச்சிட்டீங்கப்பா" என்று அவர் முழங்கையைத் தொட்டாள். பேத்தியின் சட்டையில் பொத்தான்கள் ஒன்று தள்ளிப் போட்டிருந்தன. அவர் கை நீண்டது. பாதியில் நிறுத்தி அதைப் பையில் விட்டுக்கொண்டார். மனைவி அதைப் பார்த்தாள். இன்றைக்கு மனுஷன் பிழைத்துக்கொள்வார் என்றுகூட அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

பிறகு அவர் உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார்.

"ஐ! சூப்பர்!" என்றாள் பேத்தி.

மகள் குனிந்து பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குப்பா. புதுசா? சரி, என்னோடது எங்க?"

"இதான்மா."

மகள் சிரித்தாள். "இல்லப்பா. நான் பண்ணது."

"அதேதாம்மா இது! அசிட்டோன்ல போட்டு மொத்தமாக் கழட்டிட்டேன். அடியில ஒரு துளி அழுக்கு இல்ல. எறக்கை ஒண்ணு தலைகீழா இருந்துச்சு, நேர் பண்ணிட்டேன். பாரு, திருப்பிப் பாரு."

மகள் திருப்பிப் பார்த்தாள். வயிற்றுப் பக்கம் வழவழவென்று இருந்தது. அவள் கட்டை விரல் அங்கே எதையோ தேடுவதுபோல ஒருமுறை போய் வந்தது.

பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவின் கையைச் சுரண்டினாள். "அம்மா, இது டாட்டா காட்டலயே? டாட்டா காட்டுற கப்பல்னு சொன்னியே?"

"என்ன டாட்டா?" என்றார் அவர்.

"அந்த எறக்கைப்பா. ஒரு பக்கம் மேல தூக்கி இருக்கணும்னு வேணும்னேதான் அப்படி ஒட்டினேன். கப்பல் டாட்டா காட்டிட்டுக் கிளம்புதுன்னு." மகள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க கேக்கவே இல்ல."

அவர் குனிந்து, தான் நேராக்கிய இறக்கையைப் பார்த்தார்.

"ஸ்கூல்ல இவ வரைஞ்சத எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டித் தப்புன்னு சொல்லிட்டாங்களாம். அன்னிலேர்ந்து கலர் பென்சிலத் தொடமாட்டேங்கறா. அதான் சொன்னேன், அம்மாவும் கோணல்மாணலா ஒண்ணு பண்ணேன், தாத்தா அதுல கை வைக்காம இத்தன வருஷம் பத்திரமா வச்சிருக்காருன்னு. நீங்க திருத்தாம விட்டது அது ஒண்ணுதாம்பா. கல்யாணமாகிப் போறப்பக்கூட தட்ட இழுத்து அதத்தான் பாத்துட்டுப் போனேன்."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எவ்வளவோ நல்லதாகப் போயிருக்கும். ஆனால் ரிஜெக்ட் சாருக்குத் தன் நியாயம் பெரிது.

"நான் தூக்கிப் போடலையேம்மா! என்னைக்காவது சரி பண்ணிடலாம்னுதானே இத்தன நாளும் வச்சிருந்தேன்!"

மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மகள் கப்பலைப் பெட்டியில் வைத்து மூடினாள், மெதுவாக, எதுவும் உரசாதபடி. அதை அவரிடமிருந்துதான் கற்றிருந்தாள்.

காபி குடித்தார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பேத்தி மேசையிலிருந்த பிரஷ் ஒன்றை எடுத்து, "நானும் அடிக்கட்டுமா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடச் சம்பவத்துக்குப் பிறகு அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் நாற்காலியை இழுத்துப் போடக் கிளம்பிவிட்டார். மகள் பிரஷ்ஷை வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"இங்க வேணாம் கண்ணு. நம்ம வீட்ல போய் அடிக்கலாம்."

கிளம்பும்போது பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. "இங்கயே இருக்கட்டும்பா. இவ உடைச்சிடுவா" என்றாள். பேத்தி மட்டும் தெருமுனை திரும்பும்வரை ஒரு கையைத் தூக்கிக்கொண்டே போனாள்.

கப்பலை வைக்க அடித்தட்டை இழுத்தபோது குழியில் பார்த்தார். ஸ்பாஞ்சில் ஊதாச் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, மினுமினுப்போடு. அதை ஒரு துண்டு கிள்ளி எடுத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தார். நெயில் பாலிஷ் விற்கும் பெண்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அதே ஊதா கிடைத்தது. தன் வாழ்நாளின் சிறந்த வேலையை மறுபடி அசிட்டோனில் போட்டார். இடது இறக்கையைத் தலைகீழாக ஒட்டினார். பிறகு ஊற்றிப் பார்த்தார். வழிந்ததைக் கை தானாகவே துடைத்தது. அழித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூசினார். இடது கையால் பூசினார். ஜன்னலை அடைக்க வேண்டும் என்று நினைத்து ஒவ்வொரு ஜன்னலாக அடைத்தார், எல்லாம் ஒரே அளவாக வந்தன. வயிற்றுப் பக்கம் தன் விரலைப் பதித்தார். அது பெரிதாக இருந்தது. சுண்டு விரலால் பதித்தார், அதுவும் பெரிதாகத்தான் இருந்தது.

மனைவி வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவர் தோளில் கை வைத்து, "விட்டுடுங்க" என்று மட்டும் சொன்னாள். விடவில்லை. முடித்து, போட்டோ எடுத்து, மகளுக்கு அனுப்பிவிட்டுக் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'மறுபடி அதே மாதிரி பண்ணிட்டேன்மா' என்று கீழே எழுதியிருந்தார்.

பதில் மறுநாள்தான் வந்தது.

'பாத்தேன்பா. ஒரு பிசிறுகூட இல்ல.'