ஓரளவு தெரிந்தவர்களுக்கு

புதுச்சேரி உப்பளத்திலிருந்து ஆட்டோவில் வரும்போது இருதயமேரி அக்காவின் சிபியூவை நான்தான் மடியில் வைத்திருந்தேன். தூசு படாமலிருக்க அதற்கு ஒரு தலையணை உறையை மாட்டிவிட்டிருந்தார். "குலுங்குனா கெட்டுருமா?" என்று வழியில் இரண்டு முறை கேட்டார். "ஒண்ணும் ஆவாதுக்கா, எங்கிட்ட உடுங்க" என்றேன்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து இறந்தவர்களின் மனைவிகள் பென்ஷன் கடிதம் அடிக்க அவருடைய டைப்பிங் கடைக்குத்தான் வருவார்கள். தமிழும் பிரெஞ்சும் அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் வராது. ஒவ்வொரு கிழவிக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். கல்யாணத் தேதி, புருஷனின் படை நம்பர், பிரான்சுக்கு எழுதியது, அங்கிருந்து வந்த பதில் எல்லாம் அதில். ஏழு வருட வேலை. அந்தத் திருட்டு விண்டோஸில் வைரஸ் புகுந்து, நாளுக்கு நாலு முறை நின்றுபோனது. அதற்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாம் என்று மூன்று மாதமாக அவரை நச்சரித்தவள் நான்.

அக்கறையில் மட்டும் நச்சரிக்கவில்லை. எங்கள் லினக்ஸ் குழுவில் இன்ஜினியரிங் பையன்கள்தான் அதிகம். வீட்டில் முதல் டிகிரி நான்; அதுவும் அரசுக் கல்லூரி பி.எஸ்சி. இன்ஸ்டால் செய்யும் நாட்களில் எனக்குக் கிடைத்த வேலை சிடி காப்பி எடுப்பது, டீ சொல்வது. அந்த வருடம் குழு கையிலெடுத்த லினக்ஸை உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து கட்டியிருந்தார்கள். அதன் இணையதளத்தில் முதல் வரியே, இது புதியவர்களுக்கு அல்ல, ஓரளவு தெரிந்தவர்களுக்கு என்றிருந்தது. என்னைப் பற்றி எழுதியதாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு மெஷினை நானே கொண்டுவந்து, நானே போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு மெஷின் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில்தான் குழு கூடும். ஞாயிற்றுக்கிழமை. குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினைத் தொடுவதற்கு முன் சொந்தக்காரரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். என் ஃபைல்களை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டேன், அழிந்தால் குழு பொறுப்பல்ல என்று ஆங்கிலத்தில் இருக்கும். இன்ஸ்டால் செய்கிறவர் அதைப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கொடுக்க வேண்டும்.

"இது என்னாம்மா?" என்றார் அக்கா.

"சும்மா ஒரு இதுக்குக்கா. போடுங்க."

போட்டார். பள்ளிக்கூடக் கையெழுத்து, முழுப் பெயரும்.

பக்கத்து மேசையில் இன்ஜினியரிங் படிக்கும் ராஜா இரண்டாவது மெஷினை முடித்துக்கொண்டிருந்தான். "என்னா மேடம், விடிஞ்சிருமா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். ஹார்ட் டிஸ்கைப் பிரிக்கும் இடத்தில் நின்றிருந்தேன். காலியான பகுதியில் போடவா, முழு டிஸ்கிலும் போடவா என்று திரை கேட்டது. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் அளவெல்லாம் நானே கொடுக்க வேண்டும். தப்பாகிவிடும், ராஜாவைக் கூப்பிட வேண்டிவரும். இரண்டாவது சுலபம். விண்டோஸ் போனால் போகட்டும், அக்காவின் ஃபோல்டர்கள் இருக்கும் 'டி' டிரைவ் தனியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். ஒரே டிஸ்கைத்தான் இரண்டாகப் பிரித்து 'சி', 'டி' என்று பெயர் வைத்திருப்பார்கள் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். எண்டரைத் தட்டினேன்.

முடிந்ததும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்கம்மா எங்க கெழவிங்க?" என்று சிரித்தபடி கேட்டார். தேடினேன். எல்லாரும் வந்து தேடினார்கள். ராஜா ஏதேதோ தட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தமா வழிச்சிட்டாங்கண்ணா" என்றான்.

குழுவை நடத்தும் இளஞ்செழியன் அண்ணன் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"படிச்சு சொன்னியா?"

"சொன்னேன்."

அக்கா அருகில்தான் நின்றிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பையன்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "நான்தான் சரியா வெளங்கிக்கல தம்பி" என்றார்.

சிபியூவுக்கு உறையை அவரே மாட்டினார். கூட வருகிறேன் என்றேன். "வேணாம்மா, இருந்து ஒன் வேலய பாரு."

எங்கள் அப்பாவை மில்லிலிருந்து நிறுத்தியபோது ஓர் ஆங்கிலத் தாளை நீட்டினார்கள். தானாக விலகுவதாக அதில் எழுதியிருந்தது. மேஸ்திரி சும்மா ஒரு இதுக்கு என்று சொன்னாராம், அப்பா போட்டுவிட்டார். படிக்காமல் எவனாவது போடுவானா என்று எத்தனை நாள் சோற்றில் கைவைத்தவரைக் கேட்டிருக்கிறேன். அந்த மேஸ்திரியை இன்றைக்கும் தெருவில் கண்டால் காறித் துப்புவேன். அன்றிரவு அப்பா, "மிஷினு நல்லா ஓடிச்சாம்மா?" என்று கேட்டார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மூன்று நாள் கழித்து அக்காவின் கடைக்குப் போனேன். பெஞ்சு நிறையக் கிழவிகள். ஒவ்வொருத்தி மடியிலும் பிளாஸ்டிக் பை, பிஸ்கட் டப்பா, பழைய கவர்கள். எல்லாரையும் பழைய காகிதங்களோடு வரச் சொல்லியிருந்தார் போல. நான் போட்ட லினக்ஸிலேயே அடித்துக்கொண்டிருந்தார். எழுத்துகளின் தலைமேல் வரும் பிரெஞ்சுக் கோடுகளைத் திரையில் தேடித் தேடிப் போட்டார். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தார். மறுபடி கீபோர்டுக்குக் குனிந்தார்.

"அக்கா" என்றேன்.

"இரு. இவங்கல்லாம் காலைல இருந்து ஒக்காந்திருக்காங்க."

கடைசியில் இருந்த கிழவி நகர்ந்து இடம் கொடுத்தாள். "ஒனக்கும் பிரான்சு பென்ஷனா? யாரு செத்தது, அப்பாவா?"

"யாரும் சாவல. அக்காகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அதுக்கும் வரிசதான்."

உட்கார்ந்தேன். அக்கா ஒருத்தியின் கல்யாணத் தேதியைக் கேட்டார். மழைக்காலம் என்றாள். வருஷம் கேட்டார். அவள் டப்பாவைக் கிளறத் தொடங்கினாள். எல்லாரும் அவரவர் தேதியை வாய்க்குள் முணுமுணுத்தார்கள். நெடுநேரம் கழித்து அவள் எழுந்து போனாள். பெஞ்சில் எல்லாரும் ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்தோம். பக்கத்துக் கிழவி விட்ட இடம் இன்னும் சூடாக இருந்தது. எனக்கு முன்னால் ஐந்து பேர்.