எண்பத்தேழு சதவீதக் கடல்

1

நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது கிடைத்த கதை இது. கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. ஊசி போட்டுக் கன்னம் மரத்துவிட்டது, உதட்டோரத்தில் உறிஞ்சுகுழாய், தலைக்கு மேல் விளக்கு. பல் டாக்டர் கையால் என் பல்லைக் குடைந்துகொண்டே வாயால் கதை சொன்னார். ஊர்ப்பட்ட கேள்விகள் எனக்குள் முட்டிக்கொண்டு நின்றன. "ஆ" என்றேன். வலிக்கிறதா என்று கேட்டார். "ஆஆ" என்றேன். "இன்னும் கொஞ்சம்தாங்க" என்றார். ஒரு கேள்விகூட வெளியே வரவில்லை.

ஆகவே இதில் அவர் சொன்னது பாதி, நான் கேட்க முடியாமல் போன இடங்களை இட்டு நிரப்பியது பாதி.

இன்னொன்று. நேரில் அவரை வாங்க போங்க என்றுதான் பேசுவேன். கதைக்குள் 'அவள்' என்று எழுதப் போகிறேன். 'அவர் ஓடினார்' என்று எழுதினால் ஏதோ கட்சித் தலைவர் மாரத்தானுக்குக் கொடியசைத்தது போல இருக்கிறது. இந்தக் கதையில் நிறைய ஓட வேண்டியிருக்கிறது.

2

தொடக்கங்கள்.

'அந்த மடிக்கணினிக்கு வயது ஒன்பது. மனிதக் கணக்கில் பார்த்தால் அது ஒரு—'

வேண்டாம். இப்போதே அதை மனிதராக்கிவிட்டால் கடைசியில் அதற்கு மாலை போட வேண்டிவரும்.

'அண்ணி அழுதுகொண்டே படியிறங்கி—'

இதுவும் இல்லை. அண்ணி அழவில்லை என்று டாக்டர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். முதல் முறை சொன்னபோது என் பல்லும் சேர்ந்து அழுந்தியது.

சரி, நடந்தபடியே.

"பல்லு! ஏய் பல்லு! கோடு விழுது!"

மாடியிலிருந்து அண்ணி ஓடி வந்தாள். பல்லு என்பது டாக்டர்தான். உலகத்துக்கே டாக்டர் என்றாலும் அண்ணன் பெண்டாட்டிக்கு அவள் பல்லு. கீழே கிளினிக், மேலே வீடு. அண்ணியின் இரண்டு கைகளிலும் மடிக்கணினி, சூடான பாத்திரத்தைத் துணி இல்லாமல் தூக்கி வருகிறவள் போல. திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகச் செங்குத்துக் கோடுகள். நடுவில் சதுரம் சதுரமாக என்னவோ மின்னியது.

"அண்ணி, பேஷன்ட் இருக்காங்க."

"இருக்கட்டும், வாய மூடிக்கச் சொல்லு. மத்தியானம் படம் போடணும். கடைசி சீன் இன்னும் வெளிய வரல."

3

இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பிறகு ஓட்டம்தான்.

அண்ணிக்குக் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை. பிள்ளைகள் வரைந்த படங்களை வைத்து ஒரு கார்ட்டூன் படம் செய்துகொண்டிருந்தாள். கடலைப் பார்க்க ஆசைப்பட்டு டிப்போவிலிருந்து ஓடிப்போகும் ஒரு பஸ்ஸின் கதை. பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு பயணியையும் ஒரு பிள்ளை வரைந்திருந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஆடு, குடைக்குள் குடித்தனம் நடத்தும் எறும்புகள், நான்கு கைகளிலும் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர். அதை அண்ணி அசையவைத்தாள். மாடியறையில், அந்த ஒரே கணினியில், வருஷக்கணக்காக.

கணினி ஒவ்வொரு படமாக வரைந்து, எல்லாவற்றையும் கோத்து, ஒரே வீடியோவாக வெளியே தரும். அதற்கு ரெண்டர் என்று பேர். மற்ற காட்சிகள் எல்லாம் ஏற்கெனவே வெளியே வந்து பென்டிரைவில் ஏறிவிட்டன. அன்று மத்தியானம் பள்ளியில் பிள்ளைகளுக்குத் திரையிட வேண்டும், பாக்கி கடைசிக் காட்சி மட்டும். அதில்தான் கடல் வருகிறது. அலை, நுரை, வெயில். அத்தனையையும் வரைந்து தள்ளுவது கிராஃபிக்ஸ் கார்டு. அது சூடாகிச் சூடாகி, அன்று காலை கடலைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டது.

(டாக்டர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்த டப்பாவத் தூக்கிப் போடுங்க அண்ணி." அண்ணியின் பதில் ஒன்றே ஒன்று: "உன் அண்ணனையே வெச்சிருக்கேன்.")

4

அண்ணனைக் கதையில் எங்கே வைப்பது என்று நிறைய யோசித்தேன். வெளியூரில் வேலை. அன்று காலை போனில் ஒருமுறை வந்தார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

அண்ணி போனை ஆஃப் பண்ணினாள். ஆன் பண்ணவில்லை.

அண்ணனை இத்துடன் கதையிலிருந்து நீக்கிவிட்டேன்.

5

பேஷன்டை ஒருவழியாக அனுப்பிவிட்டு, டாக்டர் முதலில் கிளினிக் கணினியில் முயன்றாள். எக்ஸ்ரே பார்க்க வைத்திருக்கும் பெட்டி. அண்ணியின் கோப்பைத் திறந்ததும் அது சாம்பல் நிறமாகி, அப்படியே உறைந்து உட்கார்ந்துவிட்டது. பள்ளிக் கணினி வீடியோ ஓட்டும், இந்த வேலைக்கு ஆகாது என்று அண்ணி சொன்னாள்.

"அப்ப இதத்தான் பிரிக்கணும்" என்றாள் டாக்டர்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா பிரிக்கறது, சுத்தம் பண்றது, அடைக்கறது, மூடறது, இதுதானே அண்ணி நான் தினமும் பண்றேன்?"

கையுறை மாட்டினாள். நோயாளிகள் படுக்கும் நாற்காலியில் மடிக்கணினியைக் குப்புறப் படுக்கவைத்தாள். மேல் விளக்கை இழுத்து நேராகப் பிடித்தாள். பிரிப்பது எப்படி என்று காட்டும் வீடியோவை ஓடவிட்டு, டாக்டரின் போனை அண்ணி உயர்த்திப் பிடித்தாள். திருகாணிகள் கழன்றன, மூடி வந்தது. உள்ளே—

'உள்ளே ஒரு பிரபஞ்சம்' என்று எழுதி அடித்துவிட்டேன். உள்ளே இருந்தது பஞ்சு. காற்றாடியின் இறக்கைகளுக்கு நடுவே மெத்தை தைக்கும் அளவுக்குத் தூசி. பல்லைக் காயவைக்கக் காற்றடிக்கும் குழாயை எடுத்து ஒரு அழுத்து அழுத்தினாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தும்மல் வந்தது.

கிராஃபிக்ஸ் கார்டின் சில்லுக்கு மேல் சூட்டைக் கடத்துவதற்கு ஒரு பசை தடவியிருப்பார்கள். அது காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடந்தது. சுரண்டி எடுத்தாள். அதில் அவள் கெட்டி. புதுப் பசைக்கு எங்கே போவது? அவள் பார்வை தன் அலமாரிக்குப் போனது. பல் அடைக்கும் சிமென்ட்.

"அத மட்டும் தொட்டே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள் அண்ணி.

எதிர்ச்சாரியில் மொபைல் கடை. அண்ணி ஓடினாள். சிக்னல் இல்லாத சாலையை அவள் எப்படிக் கடந்தாள் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கற்பனை செய்யப் பயந்து விட்டுவிட்டேன். பசைக்குழாயோடும் கடைக்காரரோடும் திரும்பி வந்தாள். அவர் சில்லை உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கார்டு போற கேஸ்தாங்க இது. பசை போட்டா சூடு கொஞ்சம் அடங்கும். அப்புறமும் அதிகம் சூடாக்கினா நான் பொறுப்பில்ல."

பசை பூசி, மூடி, திருகி, பொத்தானை அமுக்கினார்கள். காற்றாடி சுழன்றது. திரை வந்தது. ஒரு கோடுகூட இல்லை!

டாக்டர் கையைத் தூக்கி ஒரு குதி குதித்தாள். சோதித்துப் பார்க்க அண்ணி கடைசிக் காட்சியைச் சிறிது ஓட்டினாள். ஒரு அலை எழுந்து, மடங்கி, நுரைத்து, மணலில் பரவி இழுத்துக்கொண்டு போனது. குதித்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாளும் அதைப் 'பொம்மை வேலை' என்று சொல்லி, ஒருநாளும் மாடியேறிப் பார்த்ததில்லை.

"இத நீங்களா பண்ணீங்க?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரியா?"

அலைக்குப் பின்னால் கரையில் பஸ் நின்றது. சற்று நேரம் கடலைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பி வந்த வழியே போனது.

"திரும்பிடுதா?"

"வீட்டுக்குப் போகணும்ல. பசங்க இத வெச்சுதான் வகுப்புல அடிச்சுக்கறாங்க. பாதிப் பேரு பஸ் கடல்ல எறங்கணும்கறான். மீதி திரும்பணும்கறான். நான் முடிவு பண்ணிட்டேன், இன்னும் யாருக்கும் சொல்லல."

6

(இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்தது. கிளினிக்கிலேயே ரெண்டர் போட்டுவிட்டுப் போயிருக்கலாமே? உங்களுக்கும் தோன்றியிருக்கும். நான் 'ஆஆஆ' என்று மூன்று ஆ போட்டேன். டாக்டருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. நேரம் இல்லை, பிள்ளைகள் உட்கார ஆரம்பித்துவிட்டதாகப் பள்ளியிலிருந்து கிளினிக் போனுக்குச் செய்தி வந்துவிட்டது. கணினியின் பேட்டரியோ என்றைக்கோ செத்துவிட்டது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். காட்சி முழுசாக முடிந்தால்தான் வீடியோவாக வெளியே வரும். பாதியில் நின்றால் ஒன்றுமே இல்லை. எனவே பள்ளிக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.)

கிளம்பும்போது டாக்டர் குளிர்பெட்டியைத் திறந்து, பல் பிடுங்கியவர்களுக்குக் கன்னத்தில் ஒத்தடம் கொடுக்க வைத்திருந்த ஐஸ் பைகளை எல்லாம் அள்ளிக்கொண்டாள். கூடவே நோயாளி கழுத்தில் கட்டிவிடும் பிளாஸ்டிக் ஒட்டிய காகிதத் துண்டுகள். ஐஸ் வேர்த்துத் தண்ணீர் உள்ளே போகக் கூடாதே.

"நீ எதுக்கு வர்ற? கிளினிக்?"

"பூட்டியாச்சு. நடங்க அண்ணி."

7

திட்டம் இது. பள்ளிக் கணினியில் பென்டிரைவைச் செருகிப் படத்தை ஓட்டிவிடுவது. அது ஓடி முடிவதற்குள் மேடைத் திரைக்குப் பின்னால் மடிக்கணினி கடைசிக் காட்சியை முடித்துக் கொடுத்துவிட வேண்டும். பஸ் கடலை நோக்கி ஓடுகிறது. அது போய்ச் சேருவதற்குள் கடலை உண்டாக்கி வைக்க வேண்டும்.

விளக்குகள் அணைந்தன. அண்ணி முன்னால், டாக்டர் பின்னால். மடிக்கணினிக்கு அடியில் துண்டு சுற்றிய ஐஸ் பைகள். திரையில் ஒரு பட்டை நகர்ந்தது. ஐந்து சதவீதம். ஒன்பது.

டாக்டர் இருந்த இடத்திலிருந்து படம் தெரியாது. ஆனால் மேடைப் பலகை வழியாகத் தெரிந்தது. தான் வரைந்த பயணி பஸ்ஸில் ஏறியதும் அந்தப் பிள்ளை தரையை உதைத்தது. கூட்டாளிகளும் சேர்ந்து உதைத்தார்கள். தடதடதட! ஆடு ஏறிவிட்டது. தடதடதட! எறும்புகள் போலிருக்கிறது. ஒவ்வொரு தடதடவுக்கும் கணினி எகிறியது. கார்டு இந்தக் குலுக்கலைத் தாங்குமா என்று பதறி, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தொடைக்கு மேல் ஐஸ், ஐஸுக்கு மேல் நெருப்பு. நாற்பது. ஐம்பத்தொன்று.

"எவ்ளோ?" என்று அண்ணி திரையை விலக்கித் தலையை நீட்டினாள்.

"அறுபத்திரண்டு! படம் எங்க இருக்கு?"

"பாலத்துல!"

மறைந்தாள். மறுபடி வந்தாள்.

"எழுபத்தஞ்சு! நீங்க?"

"மேட்டுல ஏறப்போகுது! பல்லு, மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல்டி!"

"தெரியும், போங்க!"

ஐஸ் பைகளைத் திருப்பிப் போட்டாள். ஒரு அட்டையை எடுத்து விசிறினாள். "வா, வா, வா" என்று கெஞ்சினாள். வாய் திறக்க மறுக்கும் குழந்தைகளிடம் மட்டும் அவள் பயன்படுத்தும் குரல் அது. எண்பத்திரண்டு. எண்பத்தாறு.

எண்பத்தேழு.

8

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) பட்டை நூறைத் தொடுகிறது. டாக்டர் பென்டிரைவோடு பாய்கிறாள். பஸ் மேட்டில் ஏறுகிறது, கடல் விரிகிறது. கைதட்டல். (எழுதும்போது எனக்கே புல்லரித்தது. அதனால்தான் சந்தேகப்பட்டுக் கிழித்தேன்.)

(ஆ) மொபைல் கடைக்காரர் புதுக் கணினியோடு மூச்சிரைக்க வந்து— (இவரை நான் எவ்வளவு தூரம் ஓடவைப்பது!)

நடந்தது வேறு. எண்பத்தேழில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. பிறகு ஒரு ஊதா. பிறகு திரை முழுக்கச் சதுரங்கள். பிறகு கறுப்பு. காற்றாடி மட்டும் கொஞ்ச நேரம் சுற்றி நின்றது. அந்தக் கணினி அதற்குப் பிறகு எழவே இல்லை.

டாக்டர் எழுந்து மேடைத் திரையை விலக்கினாள். தலையை ஆட்டினாள். அண்ணி பார்த்தாள்.

அந்த நேரம் பஸ் மேட்டின் உச்சிக்கு வந்தது. வெயிலில் படம் வெளுத்து வெளுத்து, திரை வெறும் வெள்ளையாகி நின்றது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரு கால்கூட அசையவில்லை.

அண்ணி அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் நடந்து போய் நின்றாள். கையைத் தூக்கினாள்.

மிச்சக் கதையைச் சைகையில் சொல்ல ஆரம்பித்தாள்.

டாக்டருக்குச் சைகை மொழி தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரியாது. அவள் பார்த்தது கைகளை. ஸ்டியரிங் பிடிப்பது புரிந்தது. பஸ் நின்றது புரிந்தது. திரும்பப் போகிறது என்று அவளுக்குத் தெரியும், காலையில் பார்த்தாளே. ஆனால் கைகள் திரும்பவில்லை. முன் வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி எழுந்து, பலமாகத் தலையாட்டிவிட்டு, தன் கையால் என்னவோ சொன்னாள். அண்ணி ஒரு கணம் யோசித்தாள். பிறகு அதையே தன் கையில் வாங்கித் தொடர்ந்தாள். இன்னொருவன் எழுந்தான். பின் வரிசை மொத்தமும் எழுந்தது. கூடம் முழுக்கக் கைகள் வெட்டி ஒட்டி வாதாடின. அண்ணி சிரித்துச் சிரித்து, அத்தனையையும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். திரையில் அவள் நிழல் பத்து மடங்கு பெரிதாக ஆடியது. மடியின் குளிரும் சூடும் மறந்து டாக்டர் வாயைப் பிளந்து நின்றாள்.

பக்கத்திலிருந்த தலைமை ஆசிரியையைக் கேட்டாள், "என்ன ஆச்சு? பஸ் என்ன ஆச்சு?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்து, பிள்ளைகள் பக்கம் கையைக் காட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணியைக் கேட்டாள்.

"படத்தப் பாத்தவங்களக் கேளு. நீ பெட்டியப் பாத்துட்டிருந்த" என்றாள் அண்ணி.

9

ஆகவே பஸ் கடலில் இறங்கியதா, வீட்டுக்குத் திரும்பியதா, இரண்டும் இல்லாமல் வேறெங்காவது போனதா, டாக்டருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்தாற்போல எழுதிவிடலாம், சுலபம். ஆனால் அண்ணி கடைசியாகச் செய்தது என்ன என்பதை டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு எனக்குச் செய்துகாட்டினார். அதை அப்படியே தருகிறேன். புத்தகத்தைக் கீழே வையுங்கள்.

இரண்டு உள்ளங்கைகளையும் தட்டையாகச் சேர்த்து நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். அதுதான் பஸ். முன்னால் தள்ளுங்கள், மெதுவாக. விரல் நுனி சற்றே கீழே சாயட்டும். நிறுத்துங்கள். இப்போது கட்டைவிரல்கள் மட்டும் சேர்ந்தே இருக்க, மற்ற விரல்களை இரண்டு பக்கமும் விரியுங்கள். அகலமாக, இன்னும் அகலமாக. ஒருமுறை அசையுங்கள்.

இந்த இடத்தில்தான் கூடத்தில் இருந்த கைகள் எல்லாம் ஒன்றாக மேலே எழுந்து படபடத்தன, காது கேளாதவர்களின் கைதட்டல் அது.

உங்கள் கை இப்போது எந்தப் பக்கம் போகிறது?