அடுப்புப் பற்றவைக்கத் தெரிந்தவர்

ஓடிப்போன அப்பன் திரும்பி வந்து பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டால், நிம்மதியாகப் பேசுகிற மாதிரி ஓர் இடத்துக்காவது கூப்பிட வேண்டாமா? அவர் கூப்பிட்டது கொரியன் பார்பிக்யூ பஃபேக்கு. அதிலும் இருப்பதிலேயே மலிவானது. நாமே கறி சுட்டுத் தின்ன மேசை நடுவில் கேஸ் அடுப்பு, தலைக்கு மேல் நசுங்கிய புகைக்குழாய், பஞ்சு பிதுங்கிய ரெக்ஸின் இருக்கை. தட்டில் மிச்சம் வைத்தால் அபராதம் என்று சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தார்கள்.

மகள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வேலை முடிந்து நேரே வந்திருந்தாள், அதுவும் தம்பிக்காக. வீட்டில் அவனுக்குப் பெயர் பொடியன். ஆறடிக்கு வளர்ந்து, லாரி டயர்களைத் தனியாளாகக் கழற்றி மாட்டுகிற வேலைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் அவனை விடவில்லை. அப்பா இன்னொருத்தியோடு வாழ வீட்டை விட்டுப் போனபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, அவனுக்கு எதுவும் இல்லை. அதுதான் இருவருக்கும் உள்ள வித்தியாசம்.

"ஒரு வேளை சாப்பாடுதானேக்கா. அம்மாகிட்ட சொல்லாம போயிட்டு வந்துடலாம்" என்று கெஞ்சியிருந்தான்.

அப்பா முடிக்குச் சாயம் பூசியிருந்தார். உட்கார்ந்ததுமே இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஊறவைத்த கறியைத் தட்டுத் தட்டாக அள்ளி வந்து, மெல்லிய துண்டுகளை அடுப்பின் கம்பிச் சட்டத்தில் பரப்பி, பக்குவம் பார்த்துத் திருப்பி, கத்தரிக்கோலால் நறுக்கினார். கை பழகியிருந்தது. பொடியன் வாயில் போட்டுக்கொண்டே இருந்தான்.

"சூப்பரா இருக்குப்பா!"

அந்த 'அப்பா' அவள் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இறங்கியது. எவ்வளவு சுலபமாக வருகிறது இவனுக்கு!

"நீ சாப்பிடலியேம்மா" என்றார் அவர்.

"பசிக்கல."

அவர் அடுப்பைக் கொஞ்சம் தணித்தார். "அங்க இனிமே சரிப்பட்டு வராதும்மா. வயசும் ஆகுது. கடைசிக் காலத்துல உங்களோட இருந்துடலாம்னு பாக்குறேன். அம்மாகிட்ட நீ எடுத்துச் சொன்னா கேப்பா."

அவள் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே பயமாக இருந்தது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, ஓரம் கருகிய துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி அவள் தட்டில் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தா. ஓரமெல்லாம் கருகி மொறுமொறுன்னு இருந்தாத்தானே உனக்குப் பிடிக்கும்?"

அவள் தட்டைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல கறி சுட்டதே கிடையாது. எப்பவும் குழம்புதான். யாருக்குப் பிடிக்கும் இது?"

இடுக்கி அப்படியே நின்றது.

"அது... மறதிம்மா..."

"அங்க பெத்த பொண்ணுக்குத்தானே? அவளுக்கு என்ன பிடிக்கும்னு மனப்பாடமா தெரியுது. எனக்கு என்ன பிடிக்கும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்பவே அம்மாகிட்ட பேசறேன்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். சட்டத்தில் கறி தீய்ந்து புகைந்தது. யாரும் திருப்பவில்லை.

"எழுந்திரு பொடியா" என்றாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் மட்டும் வெளியே போய்த் தெருவில் நின்றாள். நெடுநேரம் கழித்துத்தான் அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"தட்டுல நிறைய இருந்துச்சுக்கா. அபராதம் போடுவாங்க."

"வெட்கமா இல்ல உனக்கு?"

"அவர்மேல கோவப்படறதுக்காவது உனக்கு ஏதோ ஞாபகம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

இருவரும் வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா மூக்கைச் சுளித்தாள். "என்னடி, தலையெல்லாம் கறி வாடை?"

மறைக்க நினைத்தவள் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். திரும்பி வரப் பார்க்கிறார் என்று சொன்னபோதுகூட அம்மாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. துணி மடிப்பதையும் நிறுத்தவில்லை.

பொடியன்தான் சமாதானம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "பாவம்மா, அவரே நின்னு சுட்டுச் சுட்டுக் குடுத்தாரு" என்றான்.

மடித்துக்கொண்டிருந்த துண்டு அம்மாவின் கையிலிருந்து நழுவியது.

"யாரு? அந்த ஆளா?"

"ஆமாம்மா. நல்லாவே சமைக்கிறாரு."

"நீ வயித்துல இருந்தப்ப வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு கிடந்தேன். ஒரு வாய் வெந்நீர் வச்சுக் குடுங்கன்னு கேட்டேன். எனக்கு அடுப்புப் பத்த வைக்கவே தெரியாதேன்னாரு. நானும் நம்பி, சுவத்தப் பிடிச்சுக்கிட்டு எழுந்து போய் நானே வச்சுக்கிட்டேன்." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "தெரியாதுன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்டா! போன் போடு அந்த ஆளுக்கு."

"எதுக்கும்மா இப்ப..."

"போடுடா!"

போட்டான். முதல் மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்தார். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அடுப்பெல்லாம் பத்த வைக்கத் தெரியுமாமே?"

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அம்மா கேட்கவில்லை.

"அப்ப தனியாவே பொங்கித் தின்னுக்கலாம். இந்த வாசப்படில கால வைக்கக் கூடாது."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீழே விழுந்த துண்டை எடுத்து மடித்தாள்.

"போய்த் தலைக்குக் குளிங்க ரெண்டு பேரும்," என்றாள். "வீடே நாறுது."