பழைய மனுஷனின் அடக்கம்

என் வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் பார்ப்பவர். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் குக்கர். ஏன் என்று சொல்லத் தேவையில்லை. நிஜக் குக்கராவது விசில் அடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் புஸ்ஸென்று எச்சரிக்கை கொடுக்கும். இவரிடம் அந்த மரியாதைகூடக் கிடையாது.

அந்த வாய்க்கு என் அண்ணனும் தப்பவில்லை. அண்ணன் தச்சு வேலை செய்கிறவன், பக்கத்து ஊரில் இருக்கிறான். எங்கள் சமையலறைக்கு அலமாரி அடித்துத் தருகிறேன் என்று ஆசை ஆசையாக வந்தான். அவன் முடுக்கிய ஸ்க்ரூ சுவருக்குள் இருந்த பைப்பைத் துளைத்துவிட்டது. புது அலமாரிக்குள்ளிருந்து தண்ணீர் பீச்சியடித்தது.

"பைப் போற இடம் பாத்து ஸ்க்ரூ போடத் தெரியாதா?" என்றார் இவர்.

"நேரா போக வேண்டிய பைப்பைக் கோணலா விட்டது யாரு?" என்றான் அவன்.

கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு பேரும் தொழில் நுணுக்கம் பேசினார்கள். தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, நான்தான் ஓடிப்போய் வால்வை மூடினேன். கடைசியில் இவர் அண்ணனுடைய கருவிப் பையைத் தூக்கித் தெருவில் எறிந்தார். அண்ணன் உளியையும் ரம்பத்தையும் பொறுக்கிக்கொண்டு போனவன்தான், பிறகு எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. நான் அவன் வீட்டுக்குப் போவேன், வயிறு நிறையச் சாப்பிடுவேன், திரும்புவேன். என் வீட்டில் என் கையால் அவனுக்கு ஒரு வாய் சாப்பாடு போட முடியவில்லையே என்ற வருத்தம் வருஷக்கணக்காக எனக்கு ஆறவே இல்லை. இவரிடம் பேச்செடுத்தால் விசில்தான்.

இப்படிப்பட்ட மனிதர் திரும்பப் பிறக்கப் போகிறேன் என்று ஒரு நாள் வந்து நின்றார்.

நடந்தது இதுதான். தெருக்கோடியில் உள்ள சபையில் ஞானஸ்நானத் தொட்டி ஒழுகுகிறது என்று இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடைப் பலகைகளைத் தூக்கினால் அடியில் தொட்டி, ஆள் முழுசாக முங்குகிற மாதிரி. இவர் உள்ளே குனிந்து வடிகால் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மேலே போதகர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். கீழே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. மனுஷன் திரும்பப் பிறந்தே ஆக வேண்டும் என்று அவர் கையை உயர்த்திய நேரத்தில் தரைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்த வயசுல அது எப்படிங்க ஐயா முடியும்?"

போதகருக்குப் பாதி உயிர் போய்விட்டதாம். மீதி உயிரோடு எட்டிப் பார்த்தால் கையில் ஸ்பேனரோடு இவர். பிறகு போதகர் தொட்டிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டார், இருவரும் பொழுது சாயும்வரை பேசியிருக்கிறார்கள்.

"தேஞ்சு போன வாஷரைத் திருப்பிப் போட்டா ரெண்டு நாள் நிக்கும், அப்புறம் ஒழுகும், புதுசுதான் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று போதகர் கேட்டாராம். "மனசுக்கு மட்டும் ஏன் பழசையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கறீங்க?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் குழம்பில் உப்பு கூட என்று தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். நான் பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் கால் விரலில் ஸ்பேனர் விழுந்தது. வாய் திறந்தது, அப்படியே மூடிக்கொண்டது. விசில் அடிக்காத குக்கரை அடுப்பில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் நிம்மதியாக இருப்பாள்?

"ஞானஸ்நானம் எடுத்துக்கப் போறேன்," என்றார் ஒரு நாள். "தண்ணிக்குள்ள பழைய மனுஷனை அடக்கம் பண்ணிடுவாங்க. எழுந்து வர்றவன் புது மனுஷன். அவனுக்கு நித்திய ஜீவன். சாவே கிடையாது."

"அந்தப் புது மனுஷன் ஈரத் துண்டைக் கட்டில்ல போடுவானா, கொடியில போடுவானா?"

"கிண்டல் பண்ணாத."

"சரி, பண்ணல. எங்கண்ணனைக் கூப்பிடுவானா?"

"நான் கூப்பிட்டா வருவானா? நீ கூப்பிட்டுப் பாரு," என்றார். அத்தனை வருஷத்தில் அண்ணனைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. நல்லது என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நான் தையல் வேலை செய்கிறவள். அவருக்கான வெள்ளை அங்கியை நானே தைத்தேன். தண்ணீரில் இறங்கினால் அங்கி குடை மாதிரி மேலே கிளம்பிவிடும் என்று போதகரின் மனைவி எச்சரித்திருந்தார், அதனால் இவருடைய பெட்டியிலிருந்து பித்தளை வாஷர்களை எடுத்துக் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்தேன். தைத்துக்கொண்டே, வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி, அண்ணனுக்குப் போனில் குரல் பதிவு அனுப்பினேன். சபைப் பேச்சு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை. இவர் சொன்ன வார்த்தைகளை நான் அப்படியே சொன்னேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை காலைல சர்ச்சுல எங்க வீட்டுப் பழைய மனுஷனை அடக்கம் பண்றோம். நடந்ததையெல்லாம் மறந்துட்டு ஒரு தடவை வந்து முகம் பாத்துட்டுப் போண்ணே."

வாயில் ஊசி இருந்ததால் குரல் நசுங்கி, மூக்கடைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு அழுகிற மாதிரியே இருந்திருக்கும். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து "வரேம்மா" என்று பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எப்படி இவ்வளவு சுலபமாக இளகினான் என்று யோசித்திருக்க வேண்டாமா? சந்தோஷத்தில் யாருக்கு யோசனை வருகிறது!

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. பலகைகளைத் தூக்கி வைத்திருந்தார்கள். இவர் மார்பளவு தண்ணீரில் போதகருக்குப் பக்கத்தில் நின்றார். அங்கி அடக்க ஒடுக்கமாக இருந்தது. போதகர் ஜெபம் செய்து, இவர் முதுகைத் தாங்கி மெல்லச் சாய்க்கிற நேரத்தில் வாசல் கதவு திறந்தது.

அண்ணன் கறுப்புச் சட்டையில் நின்றான். கண் வீங்கி, மூக்கு சிவந்து, கையில் பெரிய மலர்வளையம். அதன் குறுக்கே ரிப்பனில் இவர் பெயரும், கீழே கண்ணீர் அஞ்சலி என்றும் எழுதியிருந்தது. அவன் யாரையும் பார்க்காமல் நேராக முன்னால் வந்தான். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது, எழுந்து ஓடினேன்.

"எங்கேம்மா வெச்சிருக்கீங்க?" என்றான்.

எனக்கு வேறு என்ன சொல்ல வரும்? "உள்ளண்ணே," என்று தொட்டியைக் காட்டினேன்.

அவன் குனிந்து பார்த்தான். அந்த நொடியில் இவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மூச்சுத் திணற எழுந்தார். அண்ணன் போட்ட அலறலில் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து "ஆமென்" என்றார். வளையம் தண்ணீருக்குள் விழுந்து மிதந்தது. இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் பார்த்தது தன் சொந்த அஞ்சலியைத்தான்.

நான் தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் முகத்தில் பயம் போய்க் கோபம் ஏறியது. "விளையாடறியா? பஸ்ல அழுதுக்கிட்டே வந்திருக்கேன். என்னைக் கோமாளி ஆக்கறதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?" என்று திரும்பி வாசலை நோக்கி நடந்தான். இந்தத் தடவை போனால் இவன் என் முகத்தில்கூட விழிக்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இவர் தொட்டியிலிருந்து ஏறினார். வாஷர்கள் படியில் கடகடவென்று இடிக்க, நடைபாதை முழுக்கத் தண்ணீர் கொட்ட, ஓடிப்போய் வாசலில் அவனை மறித்தார். சபையே கழுத்தை நீட்டியது. நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன்.

"மச்சான்," என்றார். "அந்தப் பைப்பைக் கோணலா விட்டது நான்தான். அன்னைக்கு மூலையில பைப்பைத் திருப்பற எல்போ கையில இல்ல. யாருக்குத் தெரியப் போவுதுன்னு சுவத்துக்குள்ள குறுக்கால இழுத்து விட்டுட்டேன். தப்பு உன் ஸ்க்ரூ மேல இல்ல. அப்பவே எனக்குத் தெரியும்."

ஒரு குழாய்க்காரர் ஊரைக் கூட்டி வைத்து இதைச் சொல்வதென்றால் அவருக்குள் யாரோ நிஜமாகவே செத்திருக்க வேண்டும். நான் அந்த நிமிஷம்தான் நம்பினேன்.

அண்ணன் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். "இதை நீ உயிரோட இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே மாப்ள," என்றான்.

சிரிப்பு வந்தும் யாரும் சிரிக்கவில்லை.

"பஸ் ஏறும்போது உன்னைத் திட்டிக்கிட்டேதான் ஏறினேன். பாதி வழியில அழுகை வந்துருச்சு. இறங்கறதுக்குள்ள மொத்தமா மன்னிச்சுட்டேன். செத்தவன் மேல என்ன கோவம்னு... இப்ப நீ எழுந்து வந்து நிக்கற. குடுத்ததை நான் எப்படித் திருப்பி வாங்கறது?"

"வாங்காத மச்சான்," என்றார் இவர். "அது எனக்கு வேணும்."

அண்ணன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தான். "சளி பிடிச்சுக்கும், குனி," என்று அதட்டினான். இவர் குனிந்தார். நானும் அழுதேன், போதகரும் அழுதார், ஒரு மூலையில் யாரோ பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.

மத்தியானம் எங்கள் சமையலறை மேஜைக்கு எதிரெதிரே இருவரும் உட்கார்ந்தார்கள்.

"இவன் இனிமே சாகவே மாட்டானாமே, நிஜமா?" என்று அண்ணன் என்னிடம் கேட்டான். "போதகர் சொல்றாரு. உடம்பு போனாலும் ஆள் போக மாட்டானாம்."

"ஆமாண்ணே."

"அப்ப உன் பாடு?"

"நானும் அடுத்த மாசம் தொட்டியில இறங்கறேன்," என்றேன். யோசித்து வைத்த பதில் இல்லை, இவர் அந்த வாசலில் நின்று தப்பை ஒப்புக்கொண்டபோதே முடிவாகிவிட்டிருந்தது. "ஆனா உனக்கு நான் மெசேஜ் அனுப்ப மாட்டேன். நேர்ல வந்து சொல்றேன்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அண்ணனுடைய தட்டை நிரப்பினேன்.

"சாப்பிடுண்ணே," என்றேன்.